கதைக்கு முடிவு வேண்டும். வீட்டுக்கு இடைவெளி வேண்டும்



இஷாத் தொழுகையும் இரவு உணவும் முடிந்த பின்னர் உங்கள் இல்லத்தை ஒருமுறை சுற்றி நோக்குங்கள். கூடத்துத் தொலைக்காட்சியில் உம்மாவும் மாமியும் ஆண்டுக்கணக்கில் ஓடும் நெடுந்தொடர் ஒன்றில் ஆழ்ந்திருப்பர். உள்ளறையில் மகள் காதில் ஒலிக்கருவியைப் பொருத்திக்கொண்டு, கைப்பேசியில் ஏதோ ஒரு நாடகத்தின் ஒன்பதாம் பகுதியை முடித்துப் பத்தாம் பகுதிக்குச் சென்றிருப்பாள். மாடியில் மகன் மடிக்கணினியின் முன் வேற்றுமொழித் தொடர் ஒன்றுடன் அமர்ந்திருப்பான். ஒரே கூரையின்கீழ் மூன்று கதைகள் நடக்கின்றன. ஆனால் ஒருவர் பார்க்கும் கதையைப் பற்றி மற்றவரிடம் ஒரு சொல் பேசுவதற்கும் அங்கே வழியில்லை.

தொடர்களைப் பார்ப்பது கூடுமா, கூடாதா என்னும் விவாதத்தை மார்க்க அறிஞர்களிடமே விட்டுவிடுகிறேன். நம் வீடுகளில் அவை பார்க்கப்படுகின்றன என்பது கண்கூடு. பார்க்கப்படுபவற்றில் எது தரமானது, அதை எவ்வாறு பார்ப்பது என்பதே இங்குப் பேச வேண்டிய செய்தி. நான் தொடர்களை வெறுப்பவள் அல்லள். பாகிஸ்தானிய உருது நாடகங்களின் தீராத இரசிகை. அந்த உரிமையிலேயே என் கருத்துகளை உங்கள் முன் வைக்கிறேன்.

நல்ல தொடருக்கு இரண்டு இலக்கணங்கள் உண்டு என்பது என் துணிபு. ஒன்று, அதற்கு முடிவு இருக்க வேண்டும். மற்றொன்று, ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையே இடைவெளி இருக்க வேண்டும். முடிவு என்பது கதாசிரியரின் பொறுப்பு. இடைவெளி என்பது வீட்டாரின் உரிமை. அந்த இடைவெளியில்தான் வீடு கதையோடு வாதிடுகிறது. 'அவள் செய்தது சரியா?' என்று கேட்கிறது. நெடுந்தொடர்கள் முடிவைப் பறித்துக்கொண்டன. ஓ.டி.டி. என்று நாம் வழங்கும் இணையத் திரைச் சேவைகள் இடைவெளியைப் பறித்துக்கொண்டன.

பதின்மூன்று வாரக் கலை

பாகிஸ்தானில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1964ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் லாகூரில் தொடங்கியது. பி.டி.வி. என்னும் அந்த அரசு நிறுவனத்தின் பெயர்பெற்ற நாடகங்கள் பலவும் வாரம் ஒருமுறை ஒளிபரப்பாகிப் பதின்மூன்று வார அளவில் முடிந்தன. ஓர் ஆண்டின் 52 வாரங்களை நான்காகப் பகுத்தால் 13 வாரம் வரும், அவ்வளவே கணக்கு. நம் தூர்தர்ஷனிலும் வாரத் தொடர்களுக்கு இதே 13 என்னும் அளவு வழக்கில் இருந்தது. நிர்வாக வசதிக்காக வந்த அளவு எனினும் அது கலைக்குப் பேருதவி புரிந்தது. பதின்மூன்றாம் வாரம் கதை முடிந்தாக வேண்டும் என்று அறிந்த எழுத்தாளர் வீண்பேச்சை எழுத மாட்டார் அன்றோ?

அங்கே நடிகரினும் எழுத்தாளரே முதன்மை பெற்றார். ஷவ்கத் சித்தீகியின் புதினத்தைத் தழுவிய 'குதா கீ பஸ்தி' 1969இல் வந்தது. அம்ஜத் இஸ்லாம் அம்ஜத் எழுதிய 'வாரிஸ்' 1979இல் தொடங்கியது. அணை ஒன்றினால் தன் நிலமும் ஆதிக்கமும் பறிபோகும் வேளையிலும் பிடியைத் தளர்த்த மறுக்கும் பெருநிலக்கிழார் ஒருவரின் கதை அது. அது ஒளிபரப்பான நேரத்தில் நகரங்களின் வீதிகள் வெறிச்சோடின என்று இன்றும் கூறுவர்.

என் உள்ளத்தில் முதலிடம் பெற்றவர் ஹஸீனா மொயீன். 1941இல் கான்பூரில் பிறந்து, பிரிவினைக்குப் பின்னர் பாகிஸ்தானில் வளர்ந்து, 2021இல் கராச்சியில் மறைந்த எழுத்தாளர் அவர். 1982இல் 'அன்கஹீ', 1985இல் 'தன்ஹாயியான்', 1987இல் 'தூப் கினாரே' என்று அவர் படைத்த நாடகங்களில் பெண்கள் அழுவதற்கென்றே பிறந்தவர்கள் அல்லர். அவர்கள் வேலைக்குச் செல்கிறார்கள், தவறு செய்கிறார்கள், சிரிக்கிறார்கள், பெரியவர்களிடம் மரியாதை குன்றாமல் மறுத்தும் பேசுகிறார்கள்.

'தன்ஹாயியான்' என்றால் 'தனிமைகள்' என்று பொருள். பெற்றோரை விபத்தில் இழந்த ஸாரா, சானியா என்னும் சகோதரியர் இருவர் தாங்கள் வளர்ந்த வீட்டையும் இழக்கின்றனர். சிற்றன்னையின் இல்லத்தில் அடைக்கலம் பெறும் மூத்தவள், அவ்வீட்டை எவ்வாறேனும் மீட்பேன் என்று உறுதி பூணுகிறாள். உழைப்பு அவளை உயர்த்துகிறது. அதே உழைப்பு அவளை மனிதரிடமிருந்து விலக்கவும் செய்கிறது. சுவர்களை மீட்கும் ஓட்டத்தில் அச்சுவர்களுக்குள் வாழ வேண்டிய உறவுகளை இழந்துவிடுவாளோ என்பதே கதையின் தவிப்பு. வெளிநாட்டில் பல்லாண்டு பொருளீட்டி ஊரில் மாளிகை எழுப்பும் நம் குடும்பங்களுக்கு இக்கதை புதிதா என்ன? நம் ஊர்த் தெருக்களில் பூட்டிக் கிடக்கும் புது வீடுகளைக் காணும்போதெல்லாம் எனக்கு ஸாராவின் முகமே நினைவுக்கு வருகிறது.

இவ்வளவு பெரிய செய்தியைச் சொல்ல அந்நாடகம் எடுத்துக்கொண்டது பதின்மூன்றே பகுதிகள். ஏறத்தாழப் பத்து மணி நேரம். நம் தமிழ்த் தொலைக்காட்சியில் 2003 முதல் 2009 வரை ஓடிய 'கோலங்கள்' 1,500 பகுதிகளைத் தாண்டியது. விளம்பரங்களை நீக்கிப் பகுதிக்கு இருபது நிமிடம் என்று கொண்டாலும் ஐந்நூறு மணி நேரம். இரவு பகலாக, உறங்காமல் பார்த்தாலும் இருபது நாள் ஆகும்! அத்தொடரிலும் நல்ல காட்சிகள் உண்டு; உழைத்து முன்னேறும் பெண்ணின் கதை அது என்பதையும் மறுக்கவில்லை. ஆயினும், முடியக்கூடாது என்று தீர்மானித்துவிட்ட கதையில் பகைவர் திருந்த இயலாது. பிணக்குத் தீர இயலாது. உண்மை வெளிப்பட இயலாது. இவற்றுள் எது நிகழ்ந்தாலும் கதை முடிந்துவிடுமே! ஆகவே தீமை நாள்தோறும் புதுப்பிக்கப்படுகிறது. குடும்பம் என்றாலே தீராப் பகை என்னும் எண்ணம் ஆண்டுக்கணக்கில் நம் கூடத்தில் ஊட்டப்படுகிறது.

பாராட்டும் பிணக்கும்

தனியார் அலைவரிசைகளின் காலத்தில் பாகிஸ்தானிய நாடகங்கள் சற்றே நீண்டன. எனினும் இருபது முதல் முப்பது பகுதிகளுக்குள் அடங்கிய நல்ல நாடகங்கள் பல வந்தன. அவற்றுள் மூன்றைப் பற்றிய என் கருத்தைச் சொல்கிறேன். நீங்கள் மாறுபடலாம்.

முதலாவது, ஃபர்ஹத் இஷ்தியாக் தம் புதினத்தினின்றும் எழுதிய 'ஹம்ஸஃபர்'. 2011 செப்டம்பர் முதல் 2012 மார்ச் வரை 23 வாரங்கள் ஒளிபரப்பான இந்நாடகம் மாஹிரா கானையும் ஃபவாத் கானையும் நாடெங்கும் அறிந்த பெயர்களாக்கியது. 'வழித்துணை' என்பது தலைப்பின் பொருள். இசை, நடிப்பு, உரையாடல் அனைத்தும் உயர்ந்தவை. ஆயினும் கதையின் அடித்தளத்தோடு எனக்குத் தீராத பிணக்கு உண்டு. மாமியாரின் சூழ்ச்சியால் கர்ப்பிணியான கிரத் என்னும் மனைவிமீது அவதூறு சுமத்தப்படுகிறது. இரவோடிரவாக அவள் வெளியேற்றப்படுகிறாள். கணவன் அஷர் உண்மையை அறிய முயல்வதில்லை. பல ஆண்டுகள் கழித்து, மகளின் இதய அறுவைக்காகவே அவள் அவனை மீண்டும் நாடுகிறாள். ஒரு நல்ல பெண்மீது சாட்சியின்றிப் பழி சுமத்துவது எத்துணைப் பெருங்குற்றம் என்று பள்ளிப் பருவத்திலேயே நமக்குப் போதிக்கப்பட்டிருக்கிறது. அவ்வாறிருக்க, அக்குற்றத்தைச் செய்தவனை இறுதியில் காதல் நாயகனாகவே நாம் கொண்டாடினோம் அன்றோ?

இரண்டாவது, உமேரா அஹமத் எழுதி, சுல்தானா சித்தீகி இயக்கிய 'ஸிந்தகீ குல்ஸார் ஹை'. 2012 நவம்பர் முதல் 2013 மே வரை 26 பகுதிகள். ஆண்மகவு இல்லை என்ற காரணத்தால் கணவர் மறுமணம் செய்துகொள்ள, ரஃபியா என்னும் தாய் பள்ளிப் பணியாற்றி மூன்று பெண்மக்களை வளர்க்கிறாள். மூத்தவள் கஷஃப் கல்வியால் உயர்ந்து அரசு அதிகாரியாகிறாள். பெண் குழந்தை பிறந்த செய்தி கேட்டு முகம் சுளிப்போர் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்களை அருகில் அமர்த்திக் காட்ட வேண்டிய நாடகம் இது. இதிலும் எனக்கு ஒரு குறை உண்டு. வறுமையால் பணிக்குச் செல்லும் ரஃபியாவைக் கதை போற்றுகிறது. விருப்பத்தால் பணிக்குச் செல்லும் செல்வர் வீட்டுத் தாயை, குடும்பத்தைக் கவனியாதவள் என்று சாடுகிறது. தேவைக்கு உழைத்தால் பெருமை, ஆர்வத்தால் உழைத்தால் பழி என்பது நியாயமா? உங்கள் வீட்டு மருமகளிடமும் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, ஹாஷிம் நதீம் எழுதிய 'பரீஸாத்'. 2021இல் தொடங்கி 2022இல் முடிந்தது. 'தேவதைக்குப் பிறந்தவன்' என்று பொருள்படும் பெயரைச் சுமந்த, கறுத்த நிறமுடைய ஏழைக் கவிஞன் ஒருவனின் கதை. பெயரைக் கேட்போர் முகத்தைப் பார்த்து நகைக்கின்றனர். பின்னர் அவன் பெருஞ்செல்வனாகிறான். அதே உலகம் அவன்முன் பணிகிறது. பெண்ணின் நிறத்தைப் பற்றிய கதைகள் நம்மிடம் ஏராளம். ஆணும் நிறத்தால் புண்படுவான் என்பதைச் சொன்ன கதைகள் அரிது. அஹமத் அலி அக்பரின் தாழ்ந்த பார்வையும் தயங்கிய நடையும் மறக்கத்தக்கவை அல்ல.

எல்லாம் சிறப்பு என்று நான் கூற வரவில்லை. அங்கும் நீட்டிப்பு நோய் பரவியுள்ளது. 2022 இறுதியில் தொடங்கிய 'தேரே பின்' 58 பகுதிகள் வரை சென்றது. கணவன் மனைவிமீது வன்முறை புரிந்ததாக உணர்த்திய காட்சிக்கு 2023இல் பார்வையாளரிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. அறைவதைக் காதலின் அடையாளமாகக் காட்டும் நாடகங்கள் வேறு பலவும் உள. தலாக்கைத் திடுக்கிடும் திருப்பமாகக் கையாளும் கதைகளும் குறைவல்ல. எந்த நாட்டிலிருந்து வந்தாலும், எந்த உடையணிந்து வந்தாலும், தீயது தீயதே.

நம் செவிக்குப் பழகிய சொற்கள்

வாணியம்பாடி, ஆம்பூர், சென்னைத் திருவல்லிக்கேணி போன்ற இடங்களில் உருது பேசும் குடும்பங்கள் இந்நாடகங்களை மொழித்தடையின்றி இரசிக்கலாம். தமிழே வீட்டுமொழியான நம்மில் பலரும் எழுத்துரையின் துணையால் பார்க்கிறோம். ஆனால் சில சொற்களுக்கு எழுத்துரை வேண்டியதில்லை. ஸலாம், துஆ, நிக்காஹ், மஹர், நஸீபு, ஸபர் என்னும் சொற்கள் செவியில் விழும்போது அயலார் வீட்டுக் கதை நம் வீட்டுக் கதையாகிவிடுகிறது. முஸ்லிம் பாத்திரம் என்றாலே பிரியாணி பரிமாறுபவர், இல்லையேல் குண்டு வைப்பவர் என்று கண்டு சலித்த நம் கண்களுக்கு, தொழுகை விரிப்பை மடித்து வைத்துவிட்டு மின்கட்டணத்தைப் பற்றிக் கவலைப்படும் சாதாரணத் தாய் ஒருத்தியைத் திரையில் காண்பது எத்துணை ஆறுதல்!

அந்த நெருக்கமே ஆபத்தும் ஆகும். 'ஸபர்' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். துன்பத்தில் நிலைகுலையாமை ஸபர். அநீதிக்கு வாய்மூடி உடன்படுவது ஸபர் ஆகாது. 'ஹம்ஸஃப'ரின் கிரத் வெளியேறும் காட்சியைத் தனியறையில் காணும் உங்கள் மகளுக்கு இந்த வேறுபாட்டை யார் எடுத்துச் சொல்வது? கூடத்தில் எல்லோரும் அமர்ந்து பார்த்திருந்தால் பாட்டி வெகுண்டிருப்பார். வாப்பா, 'இப்படி நடந்தால் நீ நேரே நம் வீட்டுக்கு வா' என்று மகளிடம் கூறியிருப்பார். அந்த ஒரு வாக்கியம் பிற்காலத்தில் ஒரு பெண்ணின் வாழ்வையே காக்கக்கூடும். அதைச் சொல்வதற்கு வீட்டுக்கு ஓர் இடைவெளி வேண்டும்.

வாடகைத் திரை

இந்த இடைவெளி எவ்வாறு மறைந்தது? நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 1997இல் தொடங்கப்பட்டு, அஞ்சல்வழி டி.வி.டி. தட்டுகளை வாடகைக்கு அளித்துவந்தது. 2007இல் இணையவழி ஒளிபரப்புக்கு மாறத் தொடங்கியது. 2013 பிப்ரவரி முதல் நாளன்று 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' என்னும் தன் தொடரின் பதின்மூன்று பகுதிகளையும் ஒரே நாளில் வெளியிட்டது. அதே பதின்மூன்று! பி.டி.வி. மூன்று மாதம் பகிர்ந்தளித்ததை இவர்கள் ஒரே தட்டில் கொட்டிவிட்டனர். 2016 ஜனவரியில் அச்சேவை இந்தியாவுக்கும் வந்தது.

பகுதி முடிந்த சில விநாடிகளில் அடுத்த பகுதி தானாகவே தொடங்குகிறது. பெயர்ப் பட்டியல் ஓடும் அந்தச் சிறு ஓய்வும் இல்லை. தங்கள் போட்டியாளர் உறக்கமே என்னும் கருத்தை அந்நிறுவனத்தின் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸ் 2017இல் வெளிப்படையாகவே கூறினார். நம் பிள்ளைகளின் உறக்கத்தோடு போட்டியிடுபவருக்குத்தான் நாம் மாதந்தோறும் கட்டணம் செலுத்துகிறோம்!

இன்னொன்றையும் நினைவிற் கொள்ளுங்கள். இந்த அலமாரியில் உள்ளவை எவையும் நம்முடையவை அல்ல. 2014 ஜூனில் தொடங்கப்பட்ட 'ஸிந்தகீ' அலைவரிசை பாகிஸ்தானிய நாடகங்களை இந்திய இல்லங்களுக்குக் கொண்டுவந்தது. 2016 செப்டம்பரில் உரி தாக்குதலுக்குப் பின் அவற்றை நிறுத்தியது. 2020இல் அதே பெயர் ஜீ5 தளத்தில் மீண்டும் தோன்றியது. பஹல்காம் தாக்குதலுக்குப் பின், 2025 மே 8 அன்று, பாகிஸ்தானில் உருவான தொடர்களையும் படங்களையும் நிறுத்துமாறு இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஓ.டி.டி. தளங்களுக்கு அறிவுறுத்தியது. அந்நாட்டு நாடக அலைவரிசைகளின் யூடியூப் பக்கங்களும் அம்மாதத்தில் இந்தியாவில் முடக்கப்பட்டன. நாடுகளின் பிணக்கைப் பற்றிப் பேசுவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. 'பிறகு பார்க்கலாம்' என்று குறித்து வைத்த பட்டியல் ஒரே நாளில் வெறுமையாகக்கூடும் என்பதே நான் சுட்டுவது. பார்த்து, பேசி, வாதிட்டு உள்ளத்தில் பதித்துக்கொண்ட கதை மட்டுமே எஞ்சும்.

இல்லத்தாருக்குச் சில யோசனைகள்

தொலைக்காட்சியை உடைத்தெறியுங்கள் என்று நான் கூறப்போவதில்லை. எளிய சில வழிகள் உள.

தொடங்குமுன் ஒரு தொடருக்கு எத்தனை பகுதிகள் என்று பாருங்கள். முடிவு தெரியாத தொடரை வீட்டுக்குள் அழைக்காதீர்கள். உருது நாடகங்கள் கிட்டும் நாடுகளில் வாழும் நேயர்கள் 'தன்ஹாயிய'ானிலிருந்து தொடங்கலாம். அவை கிட்டாத இடங்களில் வாழ்வோர் வருந்த வேண்டுவதில்லை. கொரியத் தொடர்கள் பலவும் 12 அல்லது 16 பகுதிகளில் முடிகின்றன. குல்ஸார் இயக்கி, நஸீருத்தீன் ஷா நடித்து, 1988இல் தூர்தர்ஷனில் வந்த 'மிர்ஸா காலிப்' போன்ற பழந்தொடர்களும் உண்டு. நாடு எதுவாயினும் இலக்கணம் ஒன்றே.

அடுத்த பகுதி தானாகத் தொடங்கும் வசதியை நெட்ஃபிளிக்ஸில் ஒவ்வொருவரின் கணக்கு அமைப்புகளிலும் நிறுத்திவிடலாம். இன்றே உங்கள் மகனிடம் கேளுங்கள். ஒரு நிமிடத்தில் செய்து தருவான்.

வாரத்தில் ஓர் இரவைத் தேர்ந்து, கூடத்தில் அனைவரும் அமர்ந்து, ஒரே ஒரு பகுதியைப் பாருங்கள். முடிந்ததும் அணைத்துவிடுங்கள். 'அடுத்து என்ன ஆகும்?' என்று பிள்ளைகள் கேட்கட்டும். 'நீ அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வாய்?' என்று நீங்கள் கேளுங்கள். மருமகள் கருத்துரைக்கும்போது மாமியாரும், மகள் பேசும்போது தந்தையும் செவிமடுங்கள். அவரவர் உள்ளத்தில் உள்ளதை நேராகச் சொல்லத் தயங்கும் குடும்பங்களில், கதாபாத்திரத்தின் பெயரால் பலவற்றைச் சொல்லிவிட முடியும். 'ரஃபியாவை அவள் கணவன் அப்படி நடத்தியிருக்கக் கூடாது' என்று உங்கள் மனைவி கூறும்போது, அது ரஃபியாவைப் பற்றியது மட்டும்தானா என்று சற்றே சிந்தியுங்கள்.

நேயர்களே! கதைகள் நம் வீட்டுக்கு விருந்தினராக வரட்டும். வந்து, பேசி, மகிழ்வித்து, உரிய நேரத்தில் விடைபெறும் விருந்தினரே மதிப்புக்குரியவர். இவ்வாரம் உங்கள் கூடத்திற்கு எந்தக் கதையை அழைக்கப் போகிறீர்கள் என்பதை இன்றிரவு உணவின்போது அனைவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். அந்தக் கலந்துரையாடலே நல்ல தொடக்கமாக அமையும்.